மண்டோர் பதில்கள்: இந்த ரயில் எதை ஏற்றிக்கொண்டு போகிறது?

(மாதிரி ரயில் கட்டும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், தண்டவாளப் பராமரிப்பில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்றவர், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறார். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பின்னணிக் காட்சியைப் பற்றியவை.)

கேள்வி: ஐயா, மாடி அறையில் எட்டுக்கு நான்கு அடிப் பலகை போட்டு, ஹெச்.ஓ. அளவுத் தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்திவிட்டேன். இரண்டு மாதமாக ரயில் சுற்றுகிறது. பலகை மொட்டையாகவே கிடக்கிறது. மனைவி கோயில் வேண்டும் என்கிறார். மகன் பாலமும் சுரங்கமும் கேட்கிறான். எனக்கு நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தைச் செய்ய ஆசை. எந்தப் பின்னணியைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், கோலகங்சார்

பதில்: தம்பி, என் முதல் பலகையில் நீங்கள் கேட்கும் அத்தனையும் இருந்தன. ஒரு மூலையில் சுரங்கம், அதைவிட்டு வெளியே வந்தால் பாலம், பாலத்துக்குக் கீழே அருவி, அருவிக்கு எதிரே மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஈய லம்பத்து (ஈயச் சுரங்கத்து) மணல்மேடு. எட்டடிக்குள் பேராக் மாநிலத்தையே அடைத்து வைத்திருந்தேன். தீபாவளிக்கு என்னோடு வேலை பார்த்த பழைய கீமேன் ஒருவர் வந்தார். தினமும் பாதையோரம் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளான சாவிகள் தளர்ந்திருந்தால் அவற்றைச் சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டு போவது அவருடைய வேலையாக இருந்தது. கையில் முறுக்கை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி மண்டோர், இந்த ரயில் எதை ஏற்றிக்கொண்டு போகிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்குள் பலகையைப் பிரித்துவிட்டேன்.

அதே கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். இந்த நாட்டில் அழகு பார்ப்பதற்காக யாரும் தண்டவாளம் போடவில்லை. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோல செப்பத்தாங்குக்கு, முதல் பாதையைப் போட்டது ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்க்க. எட்டே மைல்தான். சுமை முதலில், ரயில் அடுத்து, காட்சி கடைசியில். இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறவர்கள்தான் இரண்டு மாதம் மொட்டைப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் தோட்டத்தில் ரயிலுக்கு என்ன வேலை இருந்தது? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடுவில் ரயில் வந்து நின்றதா? பெரும்பாலான இடங்களில் இல்லை. ரப்பர் ஷீட்டைக் கட்டிப் பொதியாக்கி லாரியில் ஏற்றினார்கள். லாரி ஸ்டேஷன் கிடங்குக்கு வந்தது. அங்கே பொதி வண்டி மாறியது. ஆகவே தோட்டத்தைச் செய்யாதீர்கள். தோட்டமும் ரயிலும் சந்திக்கும் அந்த ஐம்பது கஜத்தைச் செய்யுங்கள். துத்தநாகத் தகரக் கூரை போட்ட கிடங்கு ஒன்று. அதையொட்டி ஒரு பக்கப் பாதை, அதில் இரண்டு மூன்று நான்கு சக்கர மூடுவண்டிகள். வாசலில் லாரி. ரயில்வே கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஒட்டுக்கடை, அதன் முன்னால் சாத்தி வைத்த சைக்கிள்கள். செம்மண் சாலை வளைந்து ரப்பர் காட்டுக்குள் போய் மறைகிறது. தோட்டம் அங்கே இருக்கிறது என்று சொல்ல அந்தச் சாலை போதும். லயம், துரை பங்களா, ஆயாக்கொட்டகை எல்லாம் பார்ப்பவர் மனத்தில் தாமாக எழும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. எட்டுக்கு நான்கில் உங்கள் வளைவு 22 அங்குல ஆரத்துக்கு மேல் போயிருக்காது. நீண்ட பயணிப் பெட்டிகள் அந்த வளைவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரும்பும், பார்க்கச் சகிக்காது. குட்டிச் சரக்கு வண்டிகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

உங்கள் மனைவி கேட்ட கோயிலை அவசியம் வையுங்கள். ஆனால் கோபுரம் வேண்டாம். ஹெச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. 15 மீட்டர்க் கோபுரம் பலகையில் 17 சென்டிமீட்டர் நிற்கும். அதன் பக்கத்தில் உங்கள் எஞ்சின் பொம்மையாகிவிடும். பாதையோரக் கோயில்கள் பலவற்றை வைத்தது எங்கள் கேங் ஆட்கள்தான். ஓர் ஆலமரம், அடியில் ஒரு கல், நட்டு வைத்த சூலம், எலுமிச்சம்பழம், மேலே நான்கு தகரம். எங்கள் முனியாண்டி அவ்வளவு இடத்தில்தான் இருந்தார்.

பாலத்துக்கு வருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காராயில் விக்டோரியா பாலம் இருக்கிறது. 1897-இல் தொடங்கி 1900-இல் முடித்தார்கள், செங்கல் தூண்கள், பேராக் ஆற்றுக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர். உங்கள் அளவில் அதை முழுசாகச் செய்தால் நான்கு மீட்டர் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் சுவரை இடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதைத் தனியாக ஒரு நீளப் பலகையில் மூன்று கண் மட்டும் செய்து, இரண்டு முனைகளையும் மரத்துக்குள் மறைத்துவிடுவது ஒரு வழி. இந்தப் பலகையில் அதற்கு இடமில்லை. இங்கே ஒரு மதகு போதும். நான் வாழ்நாள் முழுவதும் மதகுகளில் அடைத்த குப்பையை அள்ளியவன்; மாதிரி ரயில் செய்கிறவர்களில் பத்தில் ஒருவர்கூட மதகு வைப்பதில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று எவரும் யோசிப்பதில்லை.

சுரங்கத்துக்குப் பதிலாக நம் வட்டாரத்துச் சுண்ணாம்புக் குன்றை வையுங்கள். கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து இங்கே வரை நிற்கும் இந்தக் குன்றுகள் மாதிரி ரயில்காரனுக்குக் கிடைத்த வரம். மற்ற மலைகளுக்கு அடிவாரம், சரிவு என்று அரைப் பலகை போய்விடும். இவை சமதரையிலிருந்து சுவர் எழும்புவதுபோல நிமிர்ந்து நிற்பவை. ஒரு சாண் அகலத்தில் ஒன்றரை அடி உயரக் குன்றை நிறுத்தலாம், யாரும் குறை சொல்ல முடியாது. நுரைப்பலகையைக் கத்தியால் செங்குத்தாகச் சீவி, சாம்பல் பூசி, மேலிருந்து கீழாகத் துருநிறக் கோடுகளை வழியவிடுங்கள். உச்சியில் மட்டும் காடு. ஆனால் குன்றில் ஓட்டை போடாதீர்கள். நம் பாதை இந்தக் குன்றுகளைக் குடைந்து போகவில்லை. ஓரமாக ஒதுங்கிப் போகிறது. பாதை குடைந்து போவது பாடாங் ரெங்காஸுக்கு அப்பால், பெராப்பிட் மலையில். பின்பக்க வளைவைக் குன்றின் முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுங்கள். ரயில் மறையும், மீண்டும் வரும். உங்கள் மகனுக்கு வேண்டியது அதுதானே?

கடைசியாக, ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். "அந்தக் காலம்" என்பது ஆண்டல்ல. 1962 என்று வைத்தால் நீராவி எஞ்சினும் டீசலும் ஒரே ஸ்டேஷனில் நிற்கலாம். இங்கிலாந்திலிருந்து வந்த 20ஆம் வகுப்பு டீசல்கள் 1957-லிருந்தே ஓடின. ஸ்டேஷனில் கொடி பறந்தால் அதில் 11 கோடுகள்தான் இருக்க வேண்டும். 14 கோடுகள் 1963-இல் மலேசியா அமைந்த பிறகு வந்தவை. ஹெச்.ஓ. அளவில் யார் எண்ணப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் எண்ணுவேன்.

கேள்வி: ரப்பர் மரங்களை எப்படிச் செய்வது? கடையில் வாங்கிய மரங்கள் ஐரோப்பியக் காடு மாதிரியே இருக்கின்றன.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, கடை மரத்தில் தவறில்லை, நட்ட விதத்தில்தான் தவறு. காட்டு மரம் நினைத்த இடத்தில் நிற்கும். ரப்பர் மரம் பிரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடுவதற்கு) நிற்கும் ஆட்களைப்போல வரிசையில் நிற்கும். மரங்களைத் தாறுமாறாக நட்டுவிட்டு எவ்வளவு நன்றாக இலை ஒட்டினாலும் அது தோட்டமாகாது.

வழக்கமான இடைவெளி ஒன்று: வரிசைக்கு வரிசை 6 மீட்டர், வரிசைக்குள் மரத்துக்கு மரம் 3 மீட்டர். ஹெச்.ஓ.வில் அது சுமார் 7 சென்டிமீட்டருக்கு மூன்றரை. 160-இல் ஒரு பங்கான 'என்' அளவில் மூன்றே முக்காலுக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. 60-க்கு 30 சென்டிமீட்டர் நிலத்தை 'என்' அளவில் நிரப்ப 256 மரங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு நான் ஒரு முறை தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஹெச்.ஓ.வில் அதே நிலத்துக்கு எழுபத்தைந்து போதும். இரண்டிலும் முன்னால் நிற்கும் மூன்று வரிசைகளை ஒழுங்காகச் செய்துவிட்டு, அதற்குப் பின்னால் வெறும் அடிமரங்களை நடுங்கள். அதற்கும் பின்னால் சுவரில் சாம்பல் கோடுகளை வரைந்துவிடுங்கள். ரயிலில் உட்கார்ந்து ரப்பர் காட்டைப் பார்த்திருப்பீர்கள். வரிசைகள் விசிறிபோல விரிந்து மூடி, மூடி விரிந்து ஓடும். பலகையின் முன்னால் நீங்கள் தலையை அசைத்தால் அந்த விசிறி தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் இலை சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடலாம்.

இலையே வேண்டாம் என்றும் சொல்வேன். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் செம்பழுப்பாகிக் கொட்டும். நமக்கென்று இருக்கும் இலையுதிர்காலம் அது ஒன்றுதான். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும். முருங்கைக்கீரையை உருவிய பிறகு எஞ்சும் ஈர்க்கை எறியாமல் வெயிலில் காயவையுங்கள். கிளைக்குக் கிளை பிரிந்த அந்த ஈர்க்கு அப்படியே இலை உதிர்த்த மரத்தின் உச்சி. அடிமரத்துக்கு மெல்லிய கம்பியை முறுக்கி, பசை தடவி, சாம்பல் நிறம் பூசுங்கள். தரையில் உதிர்ந்த இலைக்கு, தேநீர் வடித்த சக்கையை வாணலியில் நன்றாக வறுத்துத் தூவுங்கள். வறுக்காமல் தூவிய எனக்கு மூன்றாவது வாரமே பூசணம் பிடித்தது. ஈர்க்கையும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு முறை முக்கி எடுங்கள்.

பேனாவால் ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக் கோட்டை இழுக்கும்போது இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே வர வேண்டும். என் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் பால் வெட்டியவர். நான் ஒரு முறை கோட்டை மாற்றி இழுத்ததைப் பார்த்துவிட்டு, "இது யார் வெட்டிய மரம்? கங்காணி இதைப் பார்த்திருந்தால் அன்று பெயர் போட்டிருக்க மாட்டார்" என்றார். கோட்டின் கீழ்முனையில் வெள்ளைப் புள்ளி ஒன்று: அது பால் சேரும் மங்கு.

செம்பனை (எண்ணெய்ப்பனை) கேட்டிருந்தால் கணக்கு வேறு. அதை முக்கோணமாக, ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள், ஹெச்.ஓ.வில் பத்து சென்டிமீட்டர். ஆண்டையும் பாருங்கள். செம்பனையை முதன்முதலில் வணிகமாகப் பயிரிட்டது 1917-இல், கோலசிலாங்கூர் மாவட்டத்தில்; பயிரிட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம்! ஆனால் நம் பக்கத்து ரப்பரையெல்லாம் அது விழுங்கியது வெகுகாலம் கழித்து. 1930-ஆம் ஆண்டு நீராவி எஞ்சினுக்குப் பின்னால் எட்டுத் திசையும் செம்பனை நின்றால் உதைக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் சிவப்பு நிறச் சுவிஸ் ரயில் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு பனிமலை செய்தால் சிரிக்க மாட்டார்களா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் ஐயா. சுவிஸ் ரயிலை ரப்பர் காட்டுக்குள் ஓட்டினால்தான் நான் சிரிப்பேன். மகள் அனுப்பியது ரேட்டியன் ரயில்வே வண்டியாக இருந்தால், அது நமக்குத் தூரத்து உறவு: அதன் பாதையும் நம்முடையதைப்போல ஒரு மீட்டர் அகலம்தான். பெட்டிமீது ஹெச்.ஓ.எம். என்று போட்டிருந்தால் தண்டவாளம் 12 மில்லிமீட்டர், சாதாரண ஹெச்.ஓ.வின் பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் சக்கரம் உட்காராது. தண்டவாளம் வாங்குவதற்கு முன் அளந்துபாருங்கள்.

காட்சிக்கு அல்புலா பாதையில் இருக்கும் லாண்ட்வாசர் பாலத்தைப் பாருங்கள். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், ஆறு வளைவுகள். பாலமே வளைந்து போய் நேராகப் பாறைச் சுவருக்குள் நுழைகிறது. உங்கள் அளவில் முக்கால் மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் நீளம் வரும். ஆகவே ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: பாலம், பாறை, சுரங்க வாய். கிராமம் வேண்டாம், மாடு வேண்டாம், கேபிள் கார் வேண்டவே வேண்டாம். பனியும் கட்டாயமில்லை, அங்கேயும் கோடை உண்டு. நாம் பார்க்காத ஊரைச் செய்யும்போது படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நினைவிலிருந்து செய்தால் பிஸ்கட் டப்பா மூடியில் இருந்த சுவிட்சர்லாந்துதான் வரும்.

கேள்வி: பாட்டனார் மேட்டுப்பாளையத்துக்காரர். அவர் நினைவாக நீலகிரி மலை ரயிலைச் செய்யலாமா?
– வாசகர், பகாவ்

பதில்: செய்யலாம், ஆனால் ஏற்றத்தைச் செய்யாதீர்கள். அங்கே பாதை சில இடங்களில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துத்தான் எஞ்சின் போகிறது. உங்கள் மாதிரி எஞ்சின் 100-க்கு 3 ஏறுவதற்குள்ளேயே சக்கரம் வழுக்கும். ஏற்றமே இல்லாத மலை ஸ்டேஷன் ஒன்றைச் சமதரையில் வைத்து, நிலத்தை மட்டும் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாகச் சரித்துவிடுங்கள். கண் ஏமாந்துவிடும்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண்ணையே பலகையில் போடலாமா?
– வாசகர், கம்பார்

பதில்: அதைவிட நல்ல மண் எந்தக் கடையிலும் இல்லை. சலித்து, வாணலியில் வறுத்து (எறும்பு முட்டையெல்லாம் போய்விடும்), ஆறிய பிறகு ஒரு காந்தத்தை அதற்குள் புரட்டுங்கள். நம் செம்மண்ணில் இரும்பு உண்டு. காந்தத்தில் ஒட்டும் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் எஞ்சின் போய்விடும். நான் ஓர் எஞ்சினைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டது இது. ஒட்டுவதற்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு. இன்னொன்று: முக்கியப் பாதையின் சரளைக்கல்லில் செம்மண்ணையோ புல்லையோ தூவாதீர்கள். நாங்கள் என்ன தூங்கிக்கொண்டா இருந்தோம்? கிடங்குப் பக்கப் பாதையில் புல் முளைக்கலாம்.

கேள்வி: ஐயா, நான் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பிறந்தவன். தோட்டம் என்றால் அம்மா சொன்ன கதைதான். அம்மா இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயம் இல்லை, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. எல்லாரும் பழைய காலத்தையே செய்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இ.டி.எஸ். மின்ரயில்தான். அதைச் செய்தால் அழகாக இருக்குமா?
– 17 வயது வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நீ எழுதிய கடிதத்திலேயே காட்சி முடிந்துவிட்டது. நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை.

எனக்கு மின்ரயில்மீது ஒரு சின்னக் கோபம் உண்டு. 2015-இல் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை அது ஓடத் தொடங்கியபோது நாங்கள் பேணிய ஒற்றைப் பாதையின் அடையாளம் பல இடங்களில் போய்விட்டது. அது என் கோபம், உனக்கு வேண்டாம். நீ பார்த்ததை நீ செய். ஆண்டு விஷயத்தில் நீ ஏமாற வழியே இல்லை. சந்தேகம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 1962-ஐச் செய்கிறவன் என்னைப்போலக் கிழவனைத்தான் கேட்க வேண்டும்.

'என்' அளவை எடு. இரட்டைப் பாதைக்கும் நீண்ட வண்டிக்கும் உன் அறையில் அதுதான் அடங்கும். சுவரோரம் ஓர் அடி அகலத்தில் நீளப் பலகை போதும். பாதை மேட்டில் போகட்டும்: கான்கிரீட் கட்டைகள், இரண்டு பக்கமும் கம்பி வேலி, வரிசையாக மின்கம்பங்கள். நிஜத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஏறத்தாழ 50 மீட்டர் என்றால் உனக்கு 31 சென்டிமீட்டர். மேட்டுக்குக் கீழே செம்பனை. அதற்கு நடுவே கோயில். லயம் இருந்த இடத்தில் எதையும் வைக்காதே, ஆனால் அது இருந்தது என்று தெரியட்டும்: பாசி பிடித்த சிமெண்ட்டுப் படிக்கட்டு ஒன்று, பொதுக்குழாய் மேடை, யாரோ வீட்டு வாசலில் வைத்த மாமரம். செம்பனை வரிசை அந்த மாமரத்தைச் சுற்றிக்கொண்டு போகட்டும்.

இந்த ரயில் எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று என் கீமேன் கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கோயில் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களை என்று சொல். கோயிலுக்குப் போகும் மண் சாலையில் நான்கைந்து கார்களை நிறுத்திவை. கொஞ்சம் மஞ்சள் தோரணம் கட்டு.

கோயில் பக்கம் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போய், படிக்கட்டுக்கும் குழாய்க்கும் எத்தனை தப்படி என்று அவரையே நடந்து அளக்கச் சொல். பாதையைப் படம் எடுப்பதென்றால் வேலிக்கு வெளியே நின்று எடு. மேலே ஓடுவது 25,000 வோல்ட்.